நெல்மணிக்குப் போட்ட பூட்டு

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு, என் பழைய குழுவில் வேலை பார்க்கும் நிவேதா ஒருநாள் போனில் அழைத்தாள். அலுவலகத்தில் மென்பொருளை வெளியிடும் முறையை மறுபடியும் மாற்றிவிட்டார்களாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பொட்டலம் கட்டுவது, சோதிப்பது, வாடிக்கையாளருக்கு அனுப்புவது எல்லாம் தானாக நடந்துவிடுகிறது என்றாள். பேச்சுவாக்கில், "தொண்ணூறுகள்ல பைத்தான் புரோகிராமை எப்படி மேடம் வித்தீங்க? அப்ப அதை யாருக்குமே தெரியாதே?" என்று கேட்டாள்.

யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். காரைக்குடியில் எங்கள் இரண்டு பேருக்குத் தெரியும். பிறகு எனக்கு மட்டும் தெரியும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

படித்தது திருச்சியில். சென்னையில் சில ஆண்டுகள் சி மொழியில் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலையை விட்டுக் காரைக்குடிக்கு வந்தேன். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து முன்பே இறந்துவிட்டவர். அம்மாவும் அந்த வருடமே போய்விட்டார். சென்னையில் எனக்காகக் காத்திருந்தவர்கள் யாரும் இல்லை, இங்கேயும் இல்லை. வாடகை வீடு ஒன்று கையில் இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டேன்.

லெட்சுமணன் சார் அப்போதுதான் பினாங்கிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே ஒரு கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வெகுகாலம் இருந்தவர். ஊருக்கு வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் அறை பிடித்து, சொந்தமாக மென்பொருள் செய்து விற்கப் போகிறேன் என்று உட்கார்ந்தார். ஆள் தேடுகிறார் என்று சர்ச்சில் யாரோ சொல்லி நான் போனேன். பெரிய கேள்வி எதுவும் கேட்கவில்லை. "பைத்தான்னு ஒரு லாங்குவேஜ் இருக்கு. படிச்சுக்கிருவீகளா?" என்றார். படித்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்று மாலை வீட்டுக்காரம்மா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "மலைப்பாம்பா?" என்றார். அதற்குப் பிறகு ஊரில் யாரிடமும் நான் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

புதுவயலின் அரிசி மில்களுக்காக நாங்கள் செய்த புரோகிராமின் பெயர் நெல்மணி. எந்த விவசாயியின் நெல் எந்தக் குடோனில் இருக்கிறது, எவ்வளவு ஈரம், எந்தத் தொட்டியில் எப்போது ஊறப் போட்டது, அரிசி எவ்வளவு, தவிடு எவ்வளவு, எல்லாவற்றையும் அது வைத்துக்கொள்ளும். எழுதுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. பைத்தானில் ஒரு வாரத்து வேலை ஒரு நாளில் முடிந்தது. ஆனால் ஏதாவது ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டால் கேட்க ஆள் கிடையாது. மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, மோடம் கத்தி முடித்து, வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். பதில் வந்தால் உண்டு. கீழே பாத்திரக் கடையில் குடம் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

எழுதியதைப் பொட்டலம் கட்டி மில்லுக்கு அனுப்புவதுதான் பெரிய வேலை. மில் கம்ப்யூட்டர் எதிலும் பைத்தான் இருக்காது. ஆக, நம் புரோகிராமோடு அந்த மொழியையே சேர்த்து அனுப்ப வேண்டும். அதை ஓட்டும் கோப்பு, அதற்கு வேண்டிய நூலகக் கோப்புகள், திரையில் கட்டங்களையும் பொத்தான்களையும் வரையும் கோப்புகள், கடைசியாகத் தமிழ் எழுத்துரு. எழுத்துருவை மறந்தால் 'நெல்' என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகள் வந்து நிற்கும். எல்லாவற்றையும் சுருக்கி, நான்கு ப்ளாப்பிகளில் பிரித்துப் போடுவோம். ஒரு டிரைவில் எழுதிய ப்ளாப்பியை இன்னொரு டிரைவ் படிக்காமல் போவதுண்டு. மில்லில் தவிட்டுத் தூசி டிரைவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு ப்ளாப்பியையும் இரண்டு வேறு டிரைவில் படித்துப் பார்த்த பிறகே ஒட்டுத்தாளில் எண் எழுதுவோம்.

அதற்கும் மேலே ஒரு சோதனை இருந்தது. அறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் கிடக்கும். அதற்கு வெறும் மெஷின் என்று பெயர். ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் அதைச் சுத்தமாகத் துடைத்து, விண்டோஸை மட்டும் ஏற்றி வைக்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுவதை லெட்சுமணன் சார் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். அங்கே எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, ஒரு கோப்பை வைக்க மறந்தாலும் தெரியாது என்பார். வெறும் மெஷினில் நான் ப்ளாப்பியைப் போடுவேன். அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

முதல் தடவை நான், "இப்ப ரெண்டாவது ப்ளாப்பி கேக்கும் சார்" என்றேன்.

"ப்ளாப்பி போற எடத்துக்கெல்லாம் நீங்களும் கூடப் போகப் போறீகளா?"

"இல்ல சார்."

"அப்பச் சரி. ஸ்க்ரீன் பேசட்டும். நீங்க பேசாதீக."

திரையில் எழுதியிருந்த வாசகம் தெளிவாக இல்லை என்று அன்றைக்கு அதை மாற்றினோம். மறுபடியும் துடைத்து, மறுபடியும் ஏற்றினோம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிழை வந்தால் "ம்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தம் வராமல் நான்கு ப்ளாப்பியும் ஏறிய நாளில் கீழே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு வருவார். டீ குடிக்கும்போதும் பேச மாட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் பதிப்பில் நாங்கள் பைத்தான் கோப்புகளை அப்படியே அனுப்பினோம். யார் வேண்டுமானாலும் திறந்து எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். ஒரு வருடம் கழித்து, வெளியூர்க் கடை ஒன்று அதே புரோகிராமை வேறு பெயர் வைத்து விற்பதாகக் கேள்விப்பட்டோம். ஒரு பிரதியை வாங்கிவரச் செய்து வெறும் மெஷினில் ஏற்றினோம். நான் திருத்த மறந்திருந்த ஓர் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. 

அதற்குப் பிறகு மூலத்தை அனுப்புவதை நிறுத்தினோம். பைத்தான் தனக்காக மாற்றி வைத்துக்கொள்ளும் கோப்புகளை மட்டும் அனுப்பினோம்; அவற்றைத் திறந்தால் மனிதருக்குப் புரியாது. கூடவே அவர் ஒரு பூட்டும் போட்டார். வருடத்துக்கு ஒருமுறை, தைக்கு முன்னால், நெல்மணி ஒரு எண்ணைக் காட்டிச் சாவி கேட்கும். மில்காரர் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னால், சார் தன் கம்ப்யூட்டரில் அதற்கான சாவியை உண்டாக்கிச் சொல்வார். அந்தப் பகுதியை அவரே எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

"இது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும் செலின். கோவிச்சுக்கிறாதீக."

கோபம் வரவில்லை. ஆனால் அதற்கு முன்பு எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரியாத ஒரு வரிகூட நெல்மணியில் இருந்ததில்லை.

இரண்டாவது வருடம் சாவி கேட்கும் காலம் நெருங்கியபோது, ஒருநாள் காலையில் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. அவருடைய மனைவி மீனா ஆச்சி போன் செய்து, குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், மதுரைக்குக் கொண்டுபோகிறோம் என்றார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்லி ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது.

அதற்குள் மில்களிலிருந்து போன் வரத் தொடங்கியிருந்தது. முதலில் அழைத்தவர் துரைராஜ். விவசாயக் குடும்பம், புதுவயலில் புழுங்கலரிசி மில் வைத்திருந்தார். எங்கள் முதல் வாடிக்கையாளர்.

"அம்மா, சாவி கேக்குது. சார எங்க காணோம்?"

விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்த நேரத்துல இதச் சொல்லக் கூடாதுதான். ஆனா யாரு நெல்லு எந்தக் குடோன்ல கெடக்குன்னு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. தாள்ல எழுதுறத உங்க பேச்சக் கேட்டுத்தான் நிறுத்துனோம். வெளிய லாரி நிக்குது. வெவசாயிக வந்து என் நெல்லு எங்கன்னு கேக்குறாக. நான் என்னன்னு சொல்ல?"

லெட்சுமணன் சாரின் கம்ப்யூட்டரில் சாவி உண்டாக்கும் புரோகிராமைத் திறந்தேன். அது கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரிந்தவற்றைப் போட்டுப் பார்த்து, எதற்கும் திறக்காமல் எழுந்துவிட்டேன்.

அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "சரி" என்றார்.

பேச்சு வந்துவிட்டது என்று நினைத்து ஆச்சியைப் பார்த்தேன்.

"அந்த ஒரு சொல்லுதாம்மா மிச்சம்" என்றார் ஆச்சி. "பசிச்சாலும் சரி, வலிச்சாலும் சரி. காப்பி வேணாம்னு கையால தள்ளுறாக, வாயில சரின்னுதான் வருது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து, மில்களின் நிலைமையைச் சொன்னேன். கண்ணை எடுக்காமல் கேட்டார். எல்லாம் புரிகிறது என்று தெரிந்தது. கடவுச்சொல்லை எழுதிக் காட்ட முடியுமா என்று இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். தாளில் பேனாவை வைத்தார். எழுத்து வரவில்லை, கோடு மட்டும் வந்தது. பேனாவைக் கீழே போட்டார்.

"சார், நான் பூட்ட ஒடச்சுறவா?"

"சரி."

மனது லேசானது. ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்று கேட்டேன்.

"ஒடைக்க வேணாமா சார்? அப்படியே விட்டுறவா?"

"சரி" என்றார். தான் சொல்ல வந்தது அதுவல்ல என்று அவருக்கே தெரிந்தது. "சரி, சரி, சரி" என்று குரல் உயர்ந்தது. இடது கையால் கட்டிலை அடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டில் எதை அவர் சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆச்சி என்னோடு வாசல்வரை வந்தார். அவருக்கு இந்தத் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாது. "அவுக ஒரு வேலைய ஒருத்தர்கிட்டச் சொல்லாம வச்சுருந்தா அதுக்குக் காரணம் இருக்கும். அதையும் யோசிங்க" என்றார். கொஞ்சம் நின்று, "லாரி நிக்குதுன்னு சொன்னீகல்ல, அதையும் யோசிங்க. முடிவ நீங்க எடுங்க. ஏதாவது பழி வந்தா ரெண்டு பேருமாச் சேந்து வாங்கிக்கிருவோம்" என்றார்.

மறுநாள் காலை அறையைத் திறந்து உட்கார்ந்தேன். பூட்டுக்காக அவர் எழுதிய மூலக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்ததெல்லாம் மில்லுக்கு அனுப்பிய, மாற்றப்பட்ட கோப்புதான். பைத்தானிலேயே ஒரு வசதி உண்டு. அப்படிப்பட்ட கோப்பைப் பிரித்து, இதை எடு, அதோடு ஒப்பிடு, பொருந்தாவிட்டால் அங்கே தாவு என்று சின்னச் சின்னக் கட்டளைகளாகக் காட்டும். பக்கம் பக்கமாக வந்தது. அதை அச்சடித்து வைத்துக்கொண்டு பென்சிலோடு படிக்கத் தொடங்கினேன்.

பைத்தான் கோப்பை மாற்றும்போது நாம் எழுதிய விளக்கக் குறிப்புகள் அழிந்துவிடும். நாம் வைத்த பெயர்கள் அழியாது. லெட்சுமணன் சார் தன் புரோகிராமில் வைத்த பெயர்களெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்கள்: கதவு, தாழ்ப்பாள், சாவித்துவாரம், உள்ளே_வாங்க, பிறகு_வாங்க. சாவி தவறாகப் போட்டவர்களை அனுப்பும் இடத்துக்குக்கூட 'வெளியே_போ' என்று அவர் பெயர் வைத்திருக்கவில்லை. 'பிறகு_வாங்க' என்றுதான் இருந்தது. கட்டளைகளின் நடுவே ஒவ்வொரு சொல்லாக வந்துகொண்டிருந்தது. ஒரு தெரு தள்ளி அந்த மனிதர் ஒரே ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். பென்சிலை வைத்துவிட்டுச் சிறிது நேரம் அழுதேன். அழுகையைக் கேட்கவும் அந்த மாடியில் யாரும் இல்லை.

சில நாட்களில் பூட்டு வேலை செய்யும் விதம் பிடிபட்டது. இனி நானே சாவி உண்டாக்கலாம். எல்லா மில்லுக்கும் சாவி சொல்லிவிட்டு, பூட்டை அப்படியே வைத்திருக்கலாம். வியாபாரத்துக்கு அதுதான் நல்லது. ஆனால் அடுத்த தைக்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? காலையில் நான் சாய்ந்துவிட்டால் மதுரைக்குக் கொண்டுபோக ஆச்சி மாதிரி ஓர் ஆள்கூட என் வீட்டில் இல்லை. துரைராஜ் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்த எண்ணம் வந்த பிறகு வேறு வழி தெரியவில்லை. பூட்டை முழுவதுமாக எடுத்தேன். ஐந்தாவதாக ஒரு ப்ளாப்பியில் மூலம் முழுவதையும் போட்டேன். யாராவது, என்றாவது, நாங்கள் இல்லாமலும் அதைத் திருத்திக்கொள்ளட்டும் என்று.

வெறும் மெஷினைத் துடைத்து ஐந்தையும் ஏற்றினேன். எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறியது. பின்னால் யாரும் நிற்கவில்லை. டீ சொல்ல நான் கீழே போகவில்லை.

முதலில் துரைராஜ் மில்லுக்குப் போனேன். ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அலுவலக அறையில் நாலைந்து விவசாயிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ப்ளாப்பியை அவருடைய டிரைவ் படிக்க மறுத்தது. வெளியே எடுத்து, தூசியை ஊதி, மறுபடி போட்டேன். படித்தது. குடோன் வாரியாகப் பட்டியல் திரையில் வந்ததும் அவர் வாய்விட்டுப் படித்தார். கூட்டம் அமைதியானது. ஒரு பெரியவர், "என்னுது மூணாம் நம்பர்லயா? நான் அப்பவே சொல்லல?" என்று கிளம்பிப் போனார்.

அவர்கள் போன பிறகு துரைராஜிடம் விவரத்தைச் சொன்னேன்.

"அப்ப இத யாரு வேணும்னாலும் எடுத்துக்கிறலாமா?"

"எடுத்துக்கிறலாம்."

"சார் ஒத்துக்கிட்டாகளா?"

"சரின்னு சொன்னாக" என்றேன். அது பொய் இல்லை. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க பொழைக்கணும்ல?" என்றார். ப்ளாப்பிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மில்லுக்கு நடந்தேன்.

அவர் பயந்தபடியே நடந்தது. பக்கத்து மில்லில் இலவசமாகக் கிடைப்பதை எங்களிடம் வந்து வாங்க யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. பழைய வாடிக்கையாளர்கள் சிறு திருத்தங்களுக்கு அழைப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அந்த மாடியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிறகு அறையைக் காலி செய்து, சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தேன். கிளம்பும் முன் சாரிடம் சொல்லப் போனேன். சக்கர நாற்காலியில் ஜன்னல் பக்கம் இருந்தார். வியாபாரம் நின்றுவிட்டதைச் சொன்னேன். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை.  அவர் என் கையை இடது கையால் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஆச்சி காப்பி கொண்டுவரும்வரை விடவில்லை.

அந்த வருடம் மார்கழியில் அவர் இறந்துபோனார். ஆச்சி போன் செய்ததும் அன்றைக்கே பஸ் ஏறினேன். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். யாரையும் எனக்குத் தெரியாது. வாசலில் ஓர் ஓரமாக நின்றேன். எனக்குப் பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அதேபோல ஒதுங்கி நின்றிருந்தார்.

"நீங்க அவுக மகளா?" என்று கேட்டார்.

"இல்ல. கூட வேலை பாத்தேன்."

தன் பெயர் செல்வம் என்றும், நாச்சியாபுரத்தில் சின்னதாக மில் வைத்திருப்பதாகவும் சொன்னார். அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு இருந்ததில்லை.

"நெல்மணிதான் ஓட்டுறோம். வெலைக்கு வாங்கல. துரைராஜ் அண்ணன்கிட்ட இருந்து எடுத்தது. தெறக்கையில எல்லாம் இவுக பேருதான் வரும். ஒருதடவைகூட நேர்ல பாத்ததில்ல. அதான் இன்னைக்காவது பாத்துருவோம்னு வந்தேன்."

தகனத்துக்குக் கொண்டுபோன பிறகு மறுபடியும் பக்கத்தில் வந்தார். "இந்த நேரத்துல கேக்கக் கூடாது…"

"கேளுங்க."

"பேப்பர்லயெல்லாம் ரெண்டாயிரம் வருசம், கம்ப்யூட்டர் கொழம்பும்னு போட்டுருக்கான். நான் தேதிய முன்னாடி மாத்திப் பாத்தேன். புதுசா ஏத்துன நெல்லு எல்லாத்தையும் விடப் பழசுன்னு பட்டியல்ல மேல போய் நிக்குது."

வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்திருந்தோம்; 00 என்று வந்தால் அது 99-க்கு முந்தியது என்று நெல்மணி எடுத்துக்கொள்ளும். அந்த நாளில் எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். இன்னும் சில நாட்களில் எத்தனை மில்களில் இது நடக்கும் என்று யோசித்தேன். எத்தனை மில் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நாச்சியாபுரத்துக்குப் போனேன். ஐந்தாவது ப்ளாப்பியில் இருந்த மூலமும் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. திருத்தி முடிக்க மதியம் ஆயிற்று. செல்வம் தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தார். புது நெல் கீழே, தன் இடத்தில் வந்து நின்றது.

"இத யாருக்கெல்லாம் குடுத்தீக?" என்றேன்.

அவர் சங்கடப்பட்டார். "தப்பா நெனைக்காதீக. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் மச்சினன் ஒருத்தருக்கு. அங்குட்டு இன்னும் ரெண்டு பேருக்கு. அவுக யாருக்குக் குடுத்தாகளோ தெரியாது."

கடையிலிருந்து புது ப்ளாப்பி வாங்கிவரச் சொன்னேன். திருத்திய கோப்பு சின்னதுதான். ஒரு ப்ளாப்பி போதும். அடுத்தடுத்துப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் மறுபடி படித்துப் பார்த்து, ஒட்டுத்தாளில் என் சென்னைப் போன் எண்ணையும் எழுதி, மேஜையில் அடுக்கினேன்.

"அவுக எல்லாருக்கும் இதக் குடுத்துருங்க. அவுக யாருக்குக் குடுத்தாகளோ, அவுகளுக்கும் குடுக்கச் சொல்லுங்க."

"துரைராஜ் அண்ணனுக்கு?"

"அங்குட்டு நான் போறேன்."

பஸ் நிறுத்தம்வரை என்னோடு வந்தார். திருக்கோஷ்டியூர் பஸ்தான் முதலில் வந்தது. அவர் சட்டைப் பையிலும் கையிலுமாக ப்ளாப்பிகளோடு ஏறிக்கொண்டார். அன்று அவர் எத்தனை மில்லுக்குப் போனார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஜனவரி பிறந்து, பொங்கல் கழிந்து, அறுவடை முழுவதும் முடியும்வரை எந்த மில்லிலிருந்தும் எனக்கு ஒரு போன்கூட வரவில்லை.